விருந்தாளிப் பொம்மையும் தபால் கார்டும்: திருவள்ளூர் மாவட்டத்தை முன்வைத்து

பயணப் பொம்மை என்பது, உரிமையாளர் வீட்டிலேயே இருக்க, தான் மட்டும் ஊர் சுற்றும் பொம்மை. பெரும்பாலும் அது கையளவே இருக்கும் கரடியாகவோ முயலாகவோ துணி யானையாகவோ இருக்கும். உரிமையாளர் அதற்கு ஒரு பெயர் வைத்து, அறிமுகம் எழுதி, வேறு ஊரில் உள்ள முன்பின் தெரியாத ஒருவருக்கு அஞ்சலில் அனுப்புகிறார். பெற்றுக்கொண்டவர் சில வாரங்கள் வைத்திருந்து, தம் ஊரின் கோயில், ஏரி, கடைத்தெரு, ரயில் நிலையம் என்று எடுத்துச் சென்று படம் பிடித்து, நாட்குறிப்பு எழுதி, அடுத்தவருக்கு அனுப்பிவைக்கிறார். இப்படிப் பொம்மையை வரவேற்று உபசரிப்பவர்களில் தபால் கார்டு பரிமாறிக்கொள்ளும் ஆர்வலர்கள் கணிசமானவர்கள். முகம் தெரியாதவருக்கு முகவரி கொடுக்கும் பழக்கமும், தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பொறுமையும் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

கார்டும் பொம்மையும் ஒரே அஞ்சல் வழியில் போனாலும் இரண்டுக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல. கார்டு எல்லையைத் தடையின்றிக் கடக்கிறது. பொம்மை சுங்கத்தில் நிற்கிறது. இந்த வேறுபாடுதான் இந்தியாவில், குறிப்பாகத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற சுற்றுலா வரைபடத்தில் இடம்பெறாத பகுதிகளில், இந்தப் பொழுதுபோக்கு எந்த வடிவில் சாத்தியம் என்பதைத் தீர்மானிக்கிறது.

முன்னோடிகள்

பொம்மையைத் தூது அனுப்பும் வழக்கத்துக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1927-இல் அமெரிக்கக் குழந்தைகளின் பெயரால் 12,000-க்கும் மேற்பட்ட பொம்மைகள் கப்பலில் ஜப்பானுக்குப் போயின. அமெரிக்காவில் ஜப்பானியர் குடியேற்றத்துக்கு எதிராகச் சட்டம் வந்திருந்த நேரம் அது. கசப்பைக் குறைக்க சிட்னி குலிக் என்ற பாதிரியார் இந்தத் திட்டத்தை முன்னெடுத்தார். ஜப்பானில் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி துணைநின்றார். பதிலுக்கு ஜப்பான் 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானில் இருந்த அமெரிக்கப் பொம்மைகள் பலவும் அழிக்கப்பட்டன. ஒளித்துவைக்கப்பட்ட சில மட்டும் தப்பின.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான நிகழ்வு டெல்லியில் நடந்தது. ஹங்கேரி நாட்டுத் தூதர் நேருவிடம் கொடுத்த ஒரு பொம்மை கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளையின் ஆர்வத்தைத் தூண்டியது. பல நாடுகளிலிருந்து அவர் திரட்டிய பொம்மைகளே 1965-இல் தொடங்கப்பட்ட சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்துக்கு அடிப்படை. ஆனால் இவை போன இடத்திலேயே தங்கிவிட்ட பொம்மைகள். போய்த் திரும்பி வரும் பொம்மை பின்னால் வந்தது.

1980-களில் ஆஸ்திரேலியாவில் சிலர் வீட்டுத் தோட்டங்களிலிருந்த குள்ளன் சிலைகளைத் தூக்கிப்போய், அவை பல ஊர்களில் நிற்பது போன்ற படங்களை உரிமையாளருக்கே அனுப்பிக் குறும்பு செய்தார்கள். 2001-இல் வந்த ‘அமேலி’ என்ற பிரெஞ்சுப் படம் இதைக் கதையில் சேர்த்து உலகெங்கும் பரப்பியது. பள்ளிகளின் வழியாக வேறொரு கிளை வளர்ந்தது. ஜெஃப் பிரவுன் 1964-இல் எழுதிய ‘ஃப்ளாட் ஸ்டான்லி’ என்ற சிறுவர் நூலில், பலகை விழுந்து தட்டையாகிப்போன சிறுவன் உறையில் வைத்து அஞ்சலில் அனுப்பப்படுகிறான். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து ஆசிரியர் டேல் ஹியூபர்ட் 1995-இல் இதை வகுப்பறைத் திட்டமாக்கினார். மாணவர்கள் தாளில் வரைந்து வெட்டிய ஸ்டான்லியைத் தொலைதூரப் பள்ளிக்கு அனுப்ப, அங்குள்ளவர்கள் அவன் பார்த்ததை எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

வணிகமும் இதில் நுழைந்தது. டோக்கியோவில் 2010-இல் தொடங்கிய உனாகி டிராவல், துணிப் பொம்மைகளை மட்டுமே சுற்றுலா அழைத்துச் செல்லும் நிறுவனம். நோய், முதுமை போன்ற காரணங்களால் வெளியே போக முடியாதவர்களும் அதன் வாடிக்கையாளர்கள். விண்வெளிக்கும் பொம்மைகள் போகின்றன. எடையற்ற நிலை வந்துவிட்டதை மிதந்து காட்டுவதற்காக விண்கலத்தில் ஒரு சிறு பொம்மையைக் கட்டிவைப்பது வழக்கம். 2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சென்ற ஆக்ஸியம்-4 பயணத்தில் அந்த வேலையைச் செய்தது ‘ஜாய்’ என்ற அன்னக் குஞ்சுப் பொம்மை.

கார்டு வந்த வழி

பொம்மையை உபசரிப்பவர்களின் உலகம் கார்டால் ஆனது. எம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதார அறிஞரின் யோசனையை ஏற்று, 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. இந்தியா 1876-இல் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 1879 ஜூலை 1 முதல் கால் அணாவுக்குக் கார்டு கிடைத்தது. 1902-இல் பிரிட்டன், கார்டின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, பாதியில் முகவரியும் பாதியில் செய்தியும் எழுத அனுமதித்தது. இதனால் மறுபக்கம் முழுவதும் படத்துக்குக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் வீலே அண்ட் கிளைன் படக்கூடமும் பட அஞ்சலட்டைகளை வெளியிட்டன. மவுண்ட் ரோடு, உயர் நீதிமன்றம், கடற்கரை, வீட்டு வேலையாட்கள் என்று ஆங்கிலேயர் பார்த்த சென்னையை அவை சீமைக்குக் கொண்டுபோயின. இந்த அட்டைகளை நகர வரலாற்று ஆவணமாக வாசிக்கும் கண்காட்சி ஒன்று 2018-இல் லண்டனின் சோயஸ் கல்லூரியில் நடந்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் கார்டு வேறு வேலை செய்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு நல்ல சேதி. கறுப்பு மையிட்டது சாவுச் சேதி. ஊர் எல்லை தாண்டிய பொழுதுபோக்குக்கும் அதுவே வாகனமாயிற்று. இலங்கை வானொலியில் தங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்கத் தமிழ்நாட்டு நேயர்கள் கார்டு எழுதிப்போட்டார்கள். 1963-இல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவுக்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட நேயர் மன்றங்கள் இருந்தன. ஒலிபரப்பு எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நேயர் எழுத, நிலையம் அதை உறுதிசெய்து ஒரு படக் கார்டு அனுப்பும். முகம் தெரியாதவரிடமிருந்து வரும் அயல்நாட்டு முத்திரையை மகிழ்ந்து சேர்க்கும் பழக்கம் இங்கே இப்படி வேர்விட்டது.

2005 ஜூலை 14 அன்று போர்ச்சுகல் மாணவர் பவுலோ மகல்யாயிஷ் தொடங்கிய ‘போஸ்ட்கிராஸிங்’ இந்தப் பழக்கத்துக்கு ஒரு கணக்குமுறை கொடுத்தது. உறுப்பினர் ஒருவருக்கு எங்கோ உள்ள வேறொருவரின் முகவரியும், நாட்டுக் குறியீட்டுடன் ஓர் எண்ணும் வரும். அந்த எண்ணைக் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். பெற்றவர் எண்ணைப் பதிவுசெய்ததும், அனுப்பியவரின் முகவரி மூன்றாவது ஒருவருக்குப் போகும். கார்டைப் பெற்றவரிடமிருந்தே பதில் வராது. கொடுத்தால் வேறு யாரிடமிருந்தாவது வரும். இந்தியாவிலிருந்து போகும் கார்டுகளில் எண்ணுக்கு முன் ‘ஐ.என்.’ என்ற குறியீடு இருக்கும். இந்த முறையில் இதுவரை 7 கோடிக்கும் மேற்பட்ட கார்டுகள் உரியவர் கையில் சேர்ந்துள்ளன. ஆர்வலர்கள் அவ்வப்போது ஒரு நகரில் கூடி, அந்தச் சந்திப்புக்கென்று அச்சிட்ட கார்டில் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்புவது உண்டு. அஞ்சலில் வந்த பொம்மையோ, உறுப்பினரின் பையில் வந்த பொம்மையோ இத்தகைய கூட்டங்களில் மேசைமேல் உட்கார்ந்து படத்தில் இடம்பிடிக்கிறது.

புறப்பாடு

பயணத்துக்கு ஏற்ற பொம்மைக்குச் சில தகுதிகள் வேண்டும். முதல் தகுதி எடை. அஞ்சல் கட்டணம் எடையோடு ஏறுவதால் நூறு கிராமுக்குள் இருப்பதே கட்டுப்படியாகும். உடையும் பொருள், பேட்டரி, கூரான உறுப்பு எதுவும் கூடாது. கழுத்திலோ காலிலோ தைத்த துணிப் பட்டையில், அழியாத மையால் பெயரும் அடையாள எண்ணும் எழுதப்படும். பொம்மைக்கென்று ஒரு சிறு குறிப்பேடு கூடவே போகும். அது பார்க்க விரும்பும் இடங்களின் பட்டியல் முதல் பக்கத்தில் இருக்கும்: ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பழைய ரயில் நிலையம், உள்ளூர்ச் சிற்றுண்டி என்பது போல. உபசரிப்பவரின் கடமை இந்தப் பட்டியலில் முடிந்ததை நிறைவேற்றிக் குறித்துவைப்பது.

ஈரம் பொம்மைக்கு முதல் எதிரி. அதனால் பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் மூடி, அதன்மேல் துணி ஒட்டிய உறையில் வைப்பார்கள். வெளிநாடு என்றால் சிஎன் 22 என்ற சுங்க அறிவிப்புச் சீட்டை ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்ன, எத்தனை, எடை, மதிப்பு ஆகியவற்றை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ‘பொம்மை’ என்று மட்டும் எழுதாமல் ‘பயன்படுத்திய துணிப் பொம்மை, 1’ என்று எழுதுவது தெளிவு. மதிப்பு என்ற கட்டத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முரண் வெளிப்படுகிறது. உரிமையாளருக்கு விலை சொல்ல முடியாத பொருளுக்கு, சுங்கத்துக்காக ஒரு விலை எழுதியாக வேண்டும்.

சுங்கத்தின் குறுக்கீடு

கார்டுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. திறந்த அட்டை என்பதால் சோதிக்க அதில் ஒன்றுமில்லை, வரியும் இல்லை. பொம்மைக்கு இந்தியாவில் மூன்று பக்கமும் வேலி.

முதலாவது, அன்பளிப்பு விதி. 2019 டிசம்பரில் மத்திய அரசின் வெளிநாட்டு வணிக இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரி விலக்கோடு பொருள் வருவது தடைசெய்யப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. மற்றவை முழு வரி செலுத்தினால் வரலாம். வெளிநாட்டு இணையக் கடைகள் விற்பனைச் சரக்கையே அன்பளிப்பு என்று எழுதி அனுப்பியதைத் தடுப்பது இதன் நோக்கம். சுற்றுலா வரும் கரடியும் அதே வலையில் சிக்கியது.

இரண்டாவது, பொம்மைத் தொழிலைக் காக்கும் கொள்கை. பொம்மைகளின் வணிக இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. தனியாருக்கு வரும் பொட்டலத்துக்கு வரி வேறு வகையில் கணக்கிடப்படுகிறது என்றாலும், பொம்மை என்ற சொல்லே அதிகாரியின் கவனத்தை இழுக்கும் நிலை உருவானது.

மூன்றாவது, தரக் கட்டுப்பாடு. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு தரப்பட்டது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இந்த விலக்கால் பயன்பெறும் வகை.

தடை இந்தியாவின் பக்கம் மட்டும் இல்லை. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு அளித்துவந்த வரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் இறுதியில் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது என்பது தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்கான சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது.

இவற்றின் விளைவாக, இந்தியாவுக்கு வரும் பயணப் பொம்மைக்கு நடைமுறையில் மூன்று வழிகள் எஞ்சுகின்றன. பயணி ஒருவரின் பையில் வருவது ஒன்று. இந்தியாவுக்குள்ளேயே ஊர் விட்டு ஊர் போவது இன்னொன்று. ஃப்ளாட் ஸ்டான்லி போலத் தாள் உருவமாகி, கடித உறைக்குள் வருவது மூன்றாவது. பள்ளிகளுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் மூன்றாவதே எளிது.

திருவள்ளூரில் ஒரு விருந்தாளிக்குக் காட்டத்தக்கவை

சென்னைக்கு வரும் பொம்மை கலங்கரை விளக்கத்தையும் மெரினாவையும் பார்த்துவிட்டுப் போய்விடும். சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் விரியும் திருவள்ளூர் மாவட்டம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்தது. இதன் காட்சிகளைக் கார்டுக் கடையில் வாங்க முடியாது. பொம்மைக்காக எடுக்கும் படம்தான் இங்கே பட அஞ்சலட்டையின் இடத்தை நிரப்ப வேண்டும்.

திருவள்ளூர் நகரின் அடையாளம் 108 திவ்விய தேசங்களில் ஒன்றான வீரராகவப் பெருமாள் கோயில். அமாவாசை தோறும் பெருங்கூட்டம் வரும். பக்தர்கள் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள், வெல்லம் கரைவது போல நோயும் கரையும் என்ற நம்பிக்கையில். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதனால் பொம்மைப் படம் கோபுரத்துக்கு வெளியே, கடைவீதியோடு நிற்பது முறை. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் சென்றது. பழைய ரயில் நிலையம் கேட்கும் பொம்மையின் பட்டியலில் ஒரு வரி இங்கே தீரும்.

மேற்கே பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டிமுடித்த நீர்த்தேக்கத்துக்கு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர். கண்டலேறுவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் இங்கேதான் சேர்கிறது. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்தது. அத்தகைய கருவிகளைப் பூண்டி அருங்காட்சியகத்தில் காணலாம். பெரும்பாலான கைக்கோடரிகள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கையளவுப் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் கருவியின் அளவு தானே விளங்கும். அகழாய்வுப் படங்களில் அளவுகோல் செய்யும் வேலையை இங்கே பொம்மை செய்துவிடுகிறது.

கிழக்கே பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. அதன் வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகளில் குலச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும். கல்லறை என்பதால் பொம்மையை வாசலோடு நிறுத்துவதே மரியாதை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே ஆந்திரம் வரை பரவியிருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டிகளும் கூடைகளும் முடைகிறார்கள். வந்த பொம்மையை அடுத்த ஊருக்கு ஓர் ஓலைப் பெட்டியில் வைத்து அனுப்பலாம். எடை அதிகம் ஏறாது, உள்ளூர்க் கைவேலையும் கூடவே போகும்.

கும்மிடிப்பூண்டியில் காட்ட என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்கள் பலவும் முடியும் இடம் அது. சிப்காட் தொழிற்பேட்டை, கம்பி உருட்டும் ஆலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் லாரிகள், பல மாநிலத் தொழிலாளர்களுக்காகப் பல மொழிப் பலகை மாட்டிய கடைகள் ஆகியவை அதன் காட்சிகள். பக்கத்தில் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் டயர் ஆலை. 1900-இல் பிரான்ஸில் வாகன ஓட்டிகளுக்குப் பயணக் கையேடு அச்சிட்டுத் தந்த அதே நிறுவனம் அது. மாவட்டத்தின் இன்னொரு மூலையில், மேல்நல்லாத்தூரில், கேட்டர்பில்லர் கனரக வாகனங்கள் உருவாகின்றன. ஆலைக்குள் படம் எடுக்க அனுமதி கிடைக்காது. வாசலும் சாலையும் போதும். உலகின் பல மூலைகளிலிருந்து வரும் பொம்மைகளின் நாட்குறிப்புகளில் கோபுரமும் கோட்டையும் நிறைய உண்டு. மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து வெளியேறும் கூட்டத்துக்கு முன்னால் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்த கரடி அரிது.

ஒரு வரம்பு இங்கே அவசியம். கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. அங்கு வாழ்பவர்களின் வீட்டு வாசல் வேடிக்கைப் படத்துக்கான இடமல்ல. ஆலைத் தொழிலாளி, மீனவர், கூடை முடைபவர் யாராயினும், கேட்டு இசைவு பெற்ற பிறகே படத்தில் சேர்ப்பது இப்பொழுதுபோக்கின் எழுதாத விதி.

படம் கார்டாகும்போது

எடுத்த படத்தைக் கெட்டியான தாளில் அச்சிட்டால் அதுவே பட அஞ்சலட்டை. சர்வதேச அளவு குறைந்தது 9 × 14 சென்டிமீட்டர், அதிகபட்சம் 12 × 23.5. பின்பக்கத்தின் வலப் பாதியை முகவரிக்கும் தபால்தலைக்கும் ஒதுக்க வேண்டும். அஞ்சல் முத்திரையும் படத்தைப் போலவே சான்று. திருவள்ளூர் 602001, கும்மிடிப்பூண்டி 601201, பழவேற்காடு 601205 என்று ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழும்படி, அந்தந்த ஊர் அஞ்சலகத்திலேயே கொடுத்துக் குத்தச் சொல்வது ஆர்வலர்களின் வழக்கம். தபால்தலைகளைச் சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைச் சேகரிப்புப் பிரிவில் வாங்கலாம்.

இவ்வாறு செய்யும்போது சுங்கத்தால் நின்றுபோன பயணம் வேறு வழியில் நிறைவேறுகிறது. பொம்மை உள்ளூரிலேயே இருக்கலாம்; அது பார்த்தது மட்டும் வரியின்றி, சிஎன் 22 சீட்டின்றி, வெறும் தபால்தலைக் கட்டணத்தில் வெளிநாட்டுக்குப் போகும். நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையின் பட அஞ்சலட்டைகளில் எது காட்சி என்பதைப் படக்கூடங்களும் அவற்றின் ஆங்கிலேய வாடிக்கையாளர்களும் முடிவுசெய்தார்கள். கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வாசலும் பூண்டியின் கைக்கோடரியும் காட்சியா என்பதை இந்தப் பொழுதுபோக்கில் முடிவுசெய்பவர் அவ்வூரில் குடியிருந்து விருந்தாளிப் பொம்மையை உபசரிப்பவர்.